யாருக்குப் பேசுகிறது கல்லூரி வானொலி?

கல்லூரி வானொலிகளில் ஒவ்வொரு கல்வியாண்டின் தொடக்கத்திலும் குரல்தேர்வு நடக்கிறது. ஒலிக்கூடத்துக்கு வெளியே மாணவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஆளுக்கொரு தாள், அதில் ஒரு பத்தி. கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே சென்று அதை மைக்கின் முன் வாசிக்க வேண்டும். வாசித்து முடித்தவுடன் தீர்ப்பு வருகிறது: குரல் நன்றாக இருக்கிறது, ஆனால் ‘ஸ்லாங்’ அடிக்கிறது. தேறியவர்களுக்குப் பயிற்சி என்ற பெயரில் அடுத்து நடப்பதும் இதன் தொடர்ச்சிதான். சிரித்துக்கொண்டே பேசு, வேகமாகப் பேசு, இரண்டு நொடி கூட மௌனம் வேண்டாம், எல்லாவற்றுக்கும் மேலாக, நீ எந்த ஊர் என்று தெரியாமல் பேசு.

இந்தக் கடைசிக் கட்டளைதான் கல்லூரி வானொலியைக் கொல்கிறது. ஊர் தெரியாத குரல் என்று உலகில் எதுவும் கிடையாது. எந்த ஊரின், எந்த வகுப்பின் பேச்சு பள்ளியிலும் திரையிலும் அதிகாரம் பெற்றிருக்கிறதோ, அந்தப் பேச்சு மட்டும் ஊரற்றதுபோல் காதில் விழுகிறது. புதிய தன்னார்வத் தொகுப்பாளருக்கு ‘வானொலிக் குரல்’ கற்றுக்கொடுக்கிறோம் என்று சொல்பவர்கள், உண்மையில் அவரைத் தன் அண்டை வீட்டாரிடம் பேச முடியாதவராக ஆக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

கல்லூரி வளாகத்தில் இயங்கும் வானொலி கல்லூரியின் சொத்து எனப் பலரும் கருதுகின்றனர். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. வங்காளக் கிரிக்கெட் சங்க வழக்கில் 1995 பிப்ரவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, வானலைகள் பொதுச்சொத்து என்று வரையறுத்தது. 2002 டிசம்பரில் கல்வி நிறுவனங்களுக்குச் சமூக வானொலி உரிமம் வழங்கும் கொள்கை வந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம்., நாட்டின் முதல் வளாகச் சமூக வானொலியாக 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கத் தொடங்கியது. 2006ஆம் ஆண்டுக் கொள்கை தன்னார்வ அமைப்புகளுக்கும் கதவைத் திறந்தது. அதன் நெறிமுறைகளில் இரண்டு வரிகள் முக்கியமானவை. நிகழ்ச்சிகளில் குறைந்தது பாதியாவது உள்ளூர்ச் சமூகத்தின் பங்கேற்போடு உருவாக வேண்டும். நிகழ்ச்சிகள் இயன்றவரை உள்ளூர் மொழியிலும் வட்டார வழக்கிலும் அமைய வேண்டும். ஆக, உரிமம் எந்த வழக்கை விரும்பிக் கேட்கிறதோ, அதே வழக்கைக் குறை எனக் கணக்கிட்டு மாணவரை வெளியேற்றுகிறது குரல்தேர்வு.

இதை ஓர் ஊரில் வைத்துப் பார்த்தால் அபத்தம் தெளிவாகும். அதற்கு மட்டாஞ்சேரியைவிடப் பொருத்தமான இடம் அரிது. கொச்சிக் காயலின் கிழக்குக் கரையில், எர்ணாகுளத்தில், புனித தெரேசா கல்லூரியின் சமூக வானொலியான ரேடியோ கொச்சி 90 இயங்குகிறது. மேற்குக் கரையில் மட்டாஞ்சேரி. நடுவே வில்லிங்டன் தீவு. சமூக வானொலிக்கு வழக்கமாக அனுமதிக்கப்படும் 100 வாட் ஆற்றல் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் வரை எட்டக்கூடியது; அலைக்குக் காயல் தடையில்லை. குரலுக்கு? இங்கே கேள்வி அந்த ஒரு நிலையத்தைப் பற்றியது அன்று. இத்தகைய ஊருக்கு எட்டும் தொலைவில் இருக்கும் எந்தக் கல்லூரி வானொலியும் தன் புதிய தொகுப்பாளர்களுக்கு எதைக் கற்பிக்க வேண்டும் என்பதைப் பற்றியது.

மட்டாஞ்சேரியில் சில தெருக்கள் நடந்தால் சில மொழிகளைக் கடக்கலாம். திருமலை தேவஸ்வம் கோயிலைச் சுற்றிக் கொங்கணி. கோவாவிலிருந்து வெளியேறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் பல நூற்றாண்டுகளாக அதை வீட்டுமொழியாகக் காத்து வருகின்றனர். வணிகம் செய்ய வந்து தங்கியவர்களின் குஜராத்தியும் கச்சியும் பஜார் சாலையின் கிடங்குகளை ஒட்டிய குடும்பங்களில் வாழ்கின்றன. தக்கினி உருது பேசும் வீடுகள் உண்டு. பக்கத்திலுள்ள ஃபோர்ட் கொச்சியின் வெளி பகுதியில் தோபி கானா இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் படைவீரர்களின் உடைகளை வெளுக்க அழைத்து வரப்பட்டதாகச் சொல்லப்படும் தமிழ் வண்ணார் குடும்பங்கள் இன்றும் அங்கே துவைக்கின்றன. அவர்கள் வீட்டில் பேசுவது தமிழ். தமிழ்நாட்டுத் தொலைக்காட்சி பேசும் தமிழோடு அது அப்படியே பொருந்துவதில்லை. இவை அனைத்தின்மேலும் படர்ந்திருக்கும் மேற்குக் கொச்சியின் மலையாளம், இத்தனை மொழிகளோடும் புழங்கித் தனக்கென ஒரு தாளம் பெற்றது.

அந்த மலையாளத்துக்குத் திரைப்படம் என்ன இடம் கொடுத்தது? நீண்ட காலம் வள்ளுவநாட்டுப் பேச்சு பண்பட்ட நாயகனின் மொழியாகவும், கொச்சிப் பேச்சு அடியாளின் மொழியாகவும் பங்கிடப்பட்டன. தமிழருக்கு இது புதிதன்று. சென்னைத் தமிழ் கோமாளிக்கும் ரவுடிக்கும், மதுரைத் தமிழ் அரிவாளுக்கும் ஒதுக்கப்பட்டதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். மட்டாஞ்சேரி மாணவி ஒருத்தி ஒலிக்கூடத்துக்குள் நுழையும்போது தன் பேச்சைப் பற்றிய இந்தத் தீர்ப்பு ஏற்கெனவே அவளுக்குள் இருக்கிறது. ‘ஸ்லாங் அடிக்கிறது’ என்று பயிற்றுநர் சொல்லும்போது திரை சொன்னதைக் கல்லூரியும் உறுதிசெய்கிறது. அதன்பின் அவள் மைக்கின் முன் வேறொருத்தியாகப் பேசுவாள். அவளுடைய தாயும் அதைக் கேட்டுப் பெருமைப்படுவாள். ஆனால் அந்த நிகழ்ச்சிக்குள் வந்து பேச வேண்டும் என்று அந்தத் தாய்க்குத் தோன்றாது. மகளே தன் பேச்சை மாற்றிக்கொண்டால்தான் நுழைய முடிந்த இடத்தில் தாய் எப்படி வாய் திறப்பாள்?

‘குரல்’ என்பது பேசுபவரின் தொண்டையில் மட்டும் இருக்கும் பொருள் என்ற எண்ணமே இந்தப் பயிற்சி முறையின் அடிப்படைப் பிழை. அது தவறு என்பதை மொழியியல் நாற்பதாண்டுகளுக்கு முன்பே வானொலியை வைத்தே காட்டியிருக்கிறது. நியூசிலாந்து மொழியியலாளர் ஆலன் பெல், வெலிங்டன் நகரில் ஒரே அறிவிப்பாளர்கள் இரண்டு வானொலிகளில் செய்தி வாசிப்பதைக் கவனித்தார். ஒன்று தேசிய நிலையம். மற்றொன்று உள்ளூர் நிலையம். வாசிப்பவர் அவரே, கட்டடம் அதுவே, வாசிக்கும் பொருளும் ஏறத்தாழ அதுவே. ஆயினும் உயிரொலிகளுக்கு இடையில் வரும் ‘ட்’ ஒலியை அவர்கள் இரு நிலையங்களிலும் இரு விதமாக ஒலித்தார்கள். மாறியிருந்தது கேட்போர் மட்டுமே. இதிலிருந்து 1984இல் அவர் வகுத்த கருத்து எளியது: பேச்சின் நடையைப் பெரிதும் வடிவமைப்பவர் கேட்பவர். ஒருவர் யாரை மனத்தில் வைத்துப் பேசுகிறாரோ, அவருக்கு ஏற்பவே அவருடைய நாக்கு அசைகிறது.

இதை ஏற்றால் பயிற்சியின் வரிசை தலைகீழாக வேண்டும். ‘எப்படிப் பேசுவது’ என்பது இரண்டாவது பாடம். ‘யாருக்குப் பேசுகிறாய்’ என்பதே முதல் பாடம். இன்றைய பயிற்சியில் முதல் பாடம் நடத்தப்படுவதே இல்லை. அந்த வெற்றிடத்தை ஒரு கற்பனைக் கேட்பவர் நிரப்புகிறார்: காரில் போகும், அவசரத்தில் இருக்கும், ஆங்கிலம் கலந்தால் மகிழும், எந்த ஊரிலும் இல்லாத ஒருவர். தனியார் பண்பலைகள் விளம்பரதாரருக்காக உருவாக்கிய கேட்பவர் அவர். தோபி கானாவில் துணி அலசிக்கொண்டிருப்பவர் அவர் அல்லர்.

மொழி வல்லுநர்களும் இந்தக் குற்றத்திலிருந்து தப்பியவர்கள் அல்லர். பிபிசி 1926இல் பேச்சு ஆங்கிலத்துக்கான ஆலோசனைக் குழு ஒன்றை அமைத்தது. கவிஞர் ராபர்ட் பிரிட்ஜஸ் அதன் தலைவர்; பின்னர் பெர்னார்ட் ஷா. செயலாளர் ஆர்தர் லாய்ட் ஜேம்ஸ் என்ற ஒலியியலாளர். அறிவிப்பாளர் எந்தச் சொல்லை எப்படி ஒலிக்க வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. 1941இல், போரின் நடுவே, யார்க்‌ஷயர் உச்சரிப்பு கொண்ட வில்ஃப்ரெட் பிக்கிள்ஸை பிபிசி செய்தி வாசிக்க வைத்தபோது, அந்த உச்சரிப்பில் வந்தால் செய்தியையே நம்ப முடியவில்லை என்று குறைகூறியவர்கள் இருந்தார்கள். பதினைந்து ஆண்டுக்காலப் பழக்கம் ஒரு வட்டாரத்தின் நாக்கிலிருந்து நம்பகத்தன்மையையே பறித்திருந்தது. இன்று அதே பிபிசியில் பல வட்டார உச்சரிப்புகள் ஒலிக்கின்றன. நமது கல்லூரி ஒலிக்கூடங்களோ அந்தப் பழைய பாதையின் தொடக்கத்தில் நின்று நடக்கத் தயாராகின்றன.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றுள் வலுவானது இலங்கை வானொலியின் முன்னுதாரணம். எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் தெளிந்த உச்சரிப்பைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறையிடம், பயிற்சி பெற்ற குரல் வேண்டாம் என்று எவரும் சொல்ல முடியாது. சொல்லவும் தேவையில்லை. தெளிவு வேறு, வழக்கு வேறு. சொல்லின் இறுதியை விழுங்காமல் பேசுவது தெளிவு. அதை எந்த வழக்கிலும் செய்யலாம். மேலும் இலங்கை வானொலியை அறிவிப்பாளர்களோடு மட்டும் நினைவுகொள்வது பாதி நினைவு. யாழ்ப்பாணப் பேச்சில் அமைந்த ‘லண்டன் கந்தையா’வும், பல சமூகத்தாரின் தமிழை ஒரே மேடையில் மோதவிட்ட ‘கோமாளிகள் கும்மாளம்’ நிகழ்ச்சியும் அதே வானொலியில்தான் ஒலித்தன. மக்கள் அவற்றைத் தங்கள் வீட்டுப் பேச்சாகக் கொண்டாடினார்கள். அறிவிப்பின் செம்மையை மட்டும் நகலெடுத்து, நாடகத்தின் வழக்கை மறந்துவிட்டு, அதற்கு மரபு என்று பெயர் சூட்டுவது நேர்மையாகாது.

இரண்டாவது வாதம் வேலைவாய்ப்பு. தனியார் வானொலியில் வேலை கிடைக்க வேண்டுமானால் அந்தக் குரல் வேண்டும், மாணவர் எதிர்காலத்தைக் கெடுக்கலாமா என்கிறார்கள். மாணவருக்கு இன்னொரு நடையையும் கற்பிப்பதில் தவறில்லை. சூழலுக்கேற்ப நடை மாற்றத் தெரிவது ஒரு திறமை. ஆனால் பொதுமக்களின் அலைவரிசையை ஒரு துறையின் செய்முறைக் கூடமாகச் சுருக்குவது உரிமத்தின் நோக்கத்துக்கு முரணானது. தனியார் பண்பலைக் குரலைப் பழக ஓர் ஒலிப்பதிவு அறை போதும். அதற்கு அலைவரிசை எதற்கு?

குரல்தேர்வு என்னும் முறையையே மட்டாஞ்சேரியின் வரலாற்றோடு வைத்துப் பார்க்க வேண்டும். கொச்சித் துறைமுகத்தில் ‘சாப்பா’ என்றொரு முறை இருந்தது. வேலை தேடிக் கூடி நிற்கும் தொழிலாளர் கூட்டத்தின் நடுவே உலோக வில்லைகளை வீசுவார்கள். முட்டி மோதிப் பிடித்தவனுக்கு அன்று வேலை, பிடிக்காதவன் பட்டினி. அதற்கு எதிரான போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது; தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ராஜீவ் ரவியின் ‘துறமுகம்’ திரைப்படம் அந்த வரலாற்றைத்தான் சொல்கிறது. பட்டினியையும் மரணத்தையும் ஒரு மைக்கோடு ஒப்பிடுவது பொருந்தாது. முறையின் அமைப்பில் மட்டும் ஓர் ஒற்றுமை உண்டு: வாய்ப்பைக் கூட்டத்தின்மேல் வீசிவிட்டு, ஏற்கெனவே வலுவுள்ளவன் பிடித்துக்கொள்வதைத் தகுதி என்று அழைப்பது. ஆங்கிலப் பள்ளியில் படித்து மேடையேறிப் பழகியவர் குரல்தேர்வில் தேறுகிறார். பழகாதவர் திரும்பிப் போகிறார். பழக்கித்தரவே பயிற்சி என்ற ஒன்று இருக்கிறது. அதற்கு முன்பாகவே ஒரு தேர்வு வைத்து, பயிற்சி யாருக்குத் தேவையோ அவரை வெளியேற்றுவதில் என்ன தருக்கம்?

மாற்றுவழி கற்பனையில் இல்லை. தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதியில் 2008 அக்டோபர் 15 முதல் சங்கம் ரேடியோ ஒலிக்கிறது. தக்காண வளர்ச்சிக் கழகத்தோடு இணைந்த தலித் பெண்கள் நடத்தும் அந்த நிலையத்தில் வட்டாரத் தெலுங்கே நிலையத்தின் மொழி. விதைகளைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் பேச அவர்கள் எவரிடமும் குரல் கடன் வாங்கவில்லை. பாம்பனில் 2016இல் தொடங்கிய கடல் ஓசை 90.4 மீனவர்களுக்காகவே இயங்குகிறது. காற்றையும் கடலையும் பற்றிய எச்சரிக்கை கரையில் இருப்பவரின் சொல்லிலேயே வர வேண்டும் என்பதை அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இவை கல்லூரி வானொலிகள் அல்ல. அதனால்தான் கல்லூரிகள் இவற்றிடம் கற்க வேண்டியிருக்கிறது. படிப்பு அதிகமுள்ள இடத்தில் கேட்கும் பழக்கம் குறைவாக இருப்பது பெருமைக்குரியதன்று.

அப்படியானால் புதிய தன்னார்வலர்களுக்கு எதைக் கற்பிப்பது? மட்டாஞ்சேரி போன்ற ஊருக்குப் பேச வேண்டிய ஒரு நிலையத்தை மனத்தில் கொண்டு சில கோரிக்கைகளை முன்வைக்கலாம்.

முதலாவது, குரல்தேர்வை நிறுத்துக. வருபவர் அனைவரையும் சேர்த்துக்கொள்க. வானொலிக்கு ஒலிப்பதிவாளர், தொகுப்பவர், எழுதுபவர், தொலைபேசி எடுப்பவர் எனப் பலர் தேவை. யார் எதற்கு என்பது ஒரு பருவம் வேலை செய்த பிறகு தானே தெரியும்.

இரண்டாவது, முதல் இரண்டு வாரம் மைக்கின் முன் அமர்த்தாதீர்கள். கைப்பேசியைக் கொடுத்துத் தெருவுக்கு அனுப்புங்கள். ஒவ்வொருவரும் மூன்று பேரிடம், அவர்கள் அனுமதியோடு, இருபது நிமிடம் கேட்டுப் பதிவுசெய்து வரட்டும். அதில் இரண்டு நிமிடத்தைச் சொன்னது சொன்னபடியே எழுதட்டும். தயக்கம், திக்கல், பாதியில் விட்ட வாக்கியம் எதையும் திருத்தாமல். மொழியியல் மாணவருக்கு இது களப்பணியின் அரிச்சுவடி. தொகுப்பாளருக்கும் இதுவே அரிச்சுவடியாக வேண்டும். ஒருவர் பேச்சை இப்படி எழுதிப் பார்த்தவர் அதைப் பிழை என்று சொல்வது கடினம். அந்தப் பேச்சின் ஒழுங்கு அப்போது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

மூன்றாவது, தொழில்நுட்பத்தைக் கறாராகக் கற்பியுங்கள். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் இடைவெளி. நேராக ஊதாமல் சற்றே பக்கவாட்டில் பேசுதல். தாளைப் புரட்டும் சத்தம் விழாமல் வைத்தல். ஒலியளவு முள் சிவப்பைத் தொடாமல் பார்த்தல். மலையாளத்தில் மூச்சொலியோடு வரும் ப, பிற மெய்கள் மைக்கில் வெடிக்கும். தமிழின் பகரம் அவ்வளவு வெடிக்காது. இத்தகைய நுணுக்கங்களுக்கு ஒரு வாரம் போதும். ஒழுங்கு தேவைப்படுவது இங்கேதான். பயிற்றுநரின் கண்டிப்பை இங்கே காட்டலாம்.

நான்காவது, உரிம நிபந்தனைகளை அவர்கள் மொழியில் அச்சிட்டுக் கையில் கொடுங்கள். சமூக வானொலி சொந்தமாகச் செய்தியும் நடப்பு அரசியலும் ஒலிபரப்ப முடியாது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றமின்றி அஞ்சல் செய்யலாம். இந்த எல்லை தெரியாத தொகுப்பாளர் ஒன்று தவறு செய்வார், அல்லது பயத்தில் திரைப்பாடலுக்குள் ஒளிந்துகொள்வார். பெரும்பாலும் நடப்பது இரண்டாவது. குடிநீர் எந்த நேரத்தில் வரும், காயல்நீர் எந்தத் தெருவில் ஏறும், அரசு மருத்துவமனையில் எந்தச் சீட்டு எங்கே வாங்குவது என்பன ஊருக்கு வேண்டிய விஷயங்கள். இவற்றைப் பேச எல்லைக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைப் பயிற்சியே காட்ட வேண்டும்.

ஐந்தாவது, ஒவ்வொரு புதிய தொகுப்பாளரும் தன் வீட்டுமொழியில் பதினைந்து நிமிட நிகழ்ச்சி ஒன்றை உருவாக்கட்டும். கொங்கணியோ தக்கினியோ வண்ணார் தமிழோ, எதுவாயினும் சரி. பயிற்றுநருக்கு அந்த மொழி தெரியாது என்பது தடையாகக்கூடாது. அந்தப் பதினைந்து நிமிடத்தில் பயிற்றுநர் மாணவராகட்டும். மதிப்பெண்ணை அந்த மொழி பேசும் தெருவே போடட்டும். பதிவு செய்த இடத்துக்கே திரும்பிச் சென்று ஒலிக்க விட்டு, கேட்டவர் சொல்வதைக் குறித்து வருவதைவிடச் சிறந்த மதிப்பீடு கிடையாது.

இவையெல்லாம் நேரம் எடுக்கும் என்பது உண்மை. மூன்று நான்கு ஆண்டுகளில் மாணவர்கள் படிப்பை முடித்துச் சென்றுவிடுவார்கள். ஆண்டுதோறும் நிலையம் புதிய கைகளுக்கு மாறுகிறது. ஆனால் இந்த வாதம் அவசரப் பயிற்சிக்கு ஆதரவானதன்று. ஆட்கள் நிலையாக இராத நிறுவனத்தில் நிலைப்பது பயிற்சி முறை மட்டுமே. அதில் எதை வைக்கிறோமோ அதுதான் நிலையத்தின் குணம். வெளியேறும் மாணவர்கள் தாங்கள் பதிவுசெய்து எழுதிய பேச்சுகளை விட்டுச்சென்றால், ஐந்தாண்டில் அந்த நிலையத்திடம் ஊரின் குரற்பெட்டகம் ஒன்று சேர்ந்திருக்கும். வெறும் நடிப்பை விட்டுச்சென்றால் ஐந்தாண்டில் ஐந்து தொகுதி நகல்கள் மிஞ்சும்.

மேற்குக் கொச்சி தன் குரலை ஒருமுறை கேட்டிருக்கிறது. தக்கினிக் குடும்பம் ஒன்றில் பிறந்து, கல்யாண வீடுகளிலும் தெருமேடைகளிலும் பாடி, 1981இல் மறைந்த மெஹபூபை இன்றும் அந்த ஊர் தன் பாடகர் என்றே சொல்கிறது. அவரை ஒரு கல்லூரி வானொலியின் வரிசையில் நிறுத்தி, கையில் ஒரு தாளைக் கொடுத்திருந்தால் முடிவு என்னவாகியிருக்கும் என்பதைப் பயிற்றுநர்கள் தங்களுக்குள் நேர்மையாகச் சொல்லிக்கொள்ளட்டும். இந்தக் கல்வியாண்டின் குரல்தேர்வு அறிவிப்பை ஒட்டுவதற்கு முன் அதைச் சொல்லிக்கொள்வது நல்லது.